பின் வளவு ரயில்

கொட்டாஞ்சேனை
1980 ஓகஸ்ற் 4

என் அன்புள்ள அத்தானுக்கு இமெல்டா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் பூனையும் சுகம். கூரைக்குத்தான் சுகமில்லை, இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் அவரவர் வீட்டில் நன்றாக இருக்கிறார்கள். நீங்கள் அந்தப் பஹ்ரேன் வெயிலில் கருவாடாகிப் போகாமல் இருக்க அந்தோனியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் கிடைத்தது. டிசம்பரில் ஒப்பந்தம் முடிந்தாலும் வரமாட்டேன், இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்து வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கப்பல் பட்டறைக்கு உங்களை விட்டால் வேறு ஆள் இல்லையாக்கும். நல்லது. நான் அழவில்லை. மூன்று நாள் சமைக்கவில்லை, அவ்வளவுதான். பூனைதான் அழுதது.

நாலாம் நாள் எழும்பி வீடு கூட்டினேன். கட்டிலுக்குக் கீழே தும்புத்தடி இடித்தது. பார்த்தால் உங்கள் ஒன்பது பெட்டிகள். கப்பலில் போன காலத்தில் ஹம்பேர்க்கிலிருந்து பயணத்துக்கு ஒன்றாக வாங்கி வந்த சின்ன ரயில், தண்டவாளம் எல்லாம். “ஒருத்தரும் தொடக்கூடாது. நான் கரையேறினாப் பிறகு பின் வளவிலை பாதை போடுவன். கிழவனும் கிழவியும் கதிரை போட்டிருந்து பாப்பம்” என்று சொன்னீர்கள். சொல்லிப் பதினொரு வருஷம். கிழவி ரெடி. கிழவனைத்தான் காணவில்லை.

அதனால் பெட்டிகளைத் திறந்துவிட்டேன். பாதையை நானே போடப் போகிறேன். பக்கத்து வீட்டுச் சவுந்தரநாயகம் அண்ணர் உதவிக்கு வருகிறார். வருஷா வருஷம் கோயிலில் பாலன் குடில் கட்டுகிற மனுஷன். “பெத்லகேமையே கட்டினனான் தங்கச்சி, இது பெரிய வேலையோ?” என்கிறார். நான் படித்தது நாலாம் வகுப்பு, அவர் அதுவும் இல்லை. பெட்டிக்குள் இருக்கிற ஜேர்மன் எழுத்து இரண்டு பேருக்கும் ஒரே அளவாக விளங்குகிறது.

நீங்கள் ஆறுதலாக இரண்டு வருஷம் இருந்துவிட்டு வாருங்கள். வரும்போது ஸ்டேஷனில் வந்து இறங்கலாம்.

இப்படிக்கு,
ரயில்வே வேலையில் இருக்கும்
இமெல்டா


பஹ்ரேன்
1980 ஓகஸ்ற் 23

அன்பின் இமெல்டாவுக்கு,

என் கையில் இருக்கிற சின்னக் காயம் இன்னும் ஆறவில்லை. அதனால் போன கடிதங்களைப் போலவே நான் சொல்ல, என் அறையில் இருக்கிற மருதானைப் பாயிஸ் எழுதுகிறான்.

பெட்டிகளை உடனே மூடும். அது பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் இல்லை. சவுந்தரநாயகம் அண்ணர் நல்ல மனுஷன், ஆனால் அவரை எஞ்சினுக்குக் கிட்ட விடாதேயும்.

ஏற்கெனவே தொடங்கியிருந்தால் இதையாவது கேளும். தண்டவாளத்தை வெறும் மண்ணில் வைக்காதேயும். ஒரு சாண் ஆழம் வெட்டி, உடைத்த செங்கல் போட்டு, அதற்கு மேலே சின்னக் கருங்கல் போடும். ரப்பர் குழாயில் தண்ணீர் விட்டு இரண்டு முனையிலும் மட்டம் பாரும். தண்டவாளங்களை ஒன்றோடொன்று இறுக்கி முட்ட வைக்காதேயும், வெயிலில் நீண்டு வளைந்துவிடும். தீக்குச்சி மொத்தத்துக்கு இடைவெளி வேண்டும். வளைவு அகலமாக இருக்க வேண்டும். ஈரப்பலா மரத்தைச் சுற்றி வந்தால் சரியாக இருக்கும். கிணற்றுப் பக்கம் வேண்டாம்.

என்னைப் பற்றிக் கவலைப்படாதேயும். இப்போது என்னைப் பட்டறைச் சாமான் களஞ்சியத்தில் இருத்தியிருக்கிறார்கள். நிழல், மின்விசிறி, கதிரை. என் வயசில் இப்படி ஒரு வேலையைக் கொழும்பில் ஒருத்தரும் தரமாட்டார்கள். ஆகவே வருவதைப் பற்றி இனிக் கேட்க வேண்டாம்.

எஞ்சின் மூன்றாம் பெட்டியில் இருக்கிறது. அதற்கு எண்ணெய் ஒரு துளி. இரண்டு துளி இல்லை.

இப்படிக்கு,
ஹியூபேட்


கொட்டாஞ்சேனை
1980 செப்ரெம்பர் 12

என் அன்புள்ள அத்தானுக்கு,

வருவதைப் பற்றிக் கேட்கவேண்டாம் என்று இரண்டு வரி. எண்ணெய்த் துளியைப் பற்றியும் இரண்டு வரி. எனக்கும் எஞ்சினுக்கும் ஒரே மரியாதை கிடைத்ததில் சந்தோஷம்.

உங்கள் கடிதம் வர முதலே நாங்கள் மலை கட்டிவிட்டோம். ரயில் என்றால் குகை வேண்டாமா? சவுந்தரநாயகம் அண்ணர் குடிலுக்குக் கட்டுகிற மாதிரியே கட்டினார். மூங்கில் சிலாகை வளைத்து, அதற்கு மேல் சாக்கும் கடதாசியும் மாப்பசையில் தோய்த்துப் போர்த்து, பச்சையும் கபிலமும் பூசி, மரத்தூள் தூவி, பார்க்க அசல் பதுளை மலை ரயில் பாதை மாதிரி. குகைக்குள் எஞ்சினை நிறுத்தி எல்லாரும் கைதட்டினோம்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்து நிமிஷம் மழை. மலை முதலில் குந்தியது, பிறகு படுத்தது, பிறகு எஞ்சினுக்கு மேலே கூழாக ஓடியது. அண்ணர் குடையோடு நின்று பார்த்தார். “இருபது வருஷமாக் கட்டுறன் தங்கச்சி, ஒரு நாளும் கரையேல்லை.” நான் சொன்னேன், “கோயிலுக்குக் கூரை இருக்கண்ணை.” விடிய அவர் பெண்சாதி ஐறீனின் கோழிகள் வந்து மிச்ச மலையைத் தின்றன. மலையைத் தின்ற கோழி இந்தக் கொட்டாஞ்சேனையில் எங்களிடம்தான் இருக்கிறது.

பயப்படாதீர்கள். எஞ்சினைத் துடைத்துக் காயவைத்தேன். எண்ணெய் ஒரு துளி. ரப்பர் குழாய் மட்டம் நல்ல யோசனை. பாதையைக் கிளப்பி, செங்கல் போட்டு, நீங்கள் சொன்னபடி திரும்ப வைக்கிறோம்.

இப்போது நான் கேட்கிற முறை. ஜூன் மாதத்திலிருந்து கடிதமெல்லாம் பாயிஸ் தம்பியின் எழுத்தில் வருகிறது. வடிவான எழுத்து, உங்களுடையதைவிட. ஆனால் சின்னக் காயம் என்றால் ஏன் இவ்வளவு நாளாக ஆறவில்லை? அல்லது அங்கே ஒருத்தி கிடைத்து, அவள் உங்கள் கையை விடுகிறாள் இல்லையோ? அப்படியென்றால் சொல்லுங்கள், அவளுக்கும் ரயிலில் ஒரு சீற் வைக்கிறேன். கடைசிப் பெட்டியில்.

பகிடியை விட்டுவிட்டுச் சொல்கிறேன். பெரிய வீடு இல்லைத்தான், ஆனால் ஒருத்திக்குப் பெரிது. டிசம்பரில் வாங்கோ.

இப்படிக்கு,
உங்கள் இமெல்டா


பஹ்ரேன்
1980 செப்ரெம்பர் 29

அன்புள்ள இமெல்டா அக்காவுக்கு,

இது நானாக எழுதுகிற கடிதம். ஹியூபேட் அண்ணனுக்குத் தெரியாது. தெரிந்தால் அறையைவிட்டு என்னைத் துரத்துவார்.

அக்கா, மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசியுங்கள். உயிருக்கு ஒன்றுமில்லை. மே மாதம் ஒரு கப்பலின் எஞ்சினைத் தூக்கும்போது சங்கிலி நழுவி அண்ணனுடைய வலது கை அகப்பட்டுவிட்டது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். பெருவிரலும் சுட்டுவிரலும்தான் மிச்சம். புண் எப்போதோ ஆறிவிட்டது. நட்டஈடு கொடுத்து, களஞ்சியத்தில் வேலையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஊருக்குப் போங்கள் என்று நான் சொல்லாத நாளில்லை. அவர் சொல்கிறார், “கொழும்புத் துறைமுகத்திலை நான் நடந்து போனா, ‘எந்த எஞ்சினையும் ஓடவைக்கிற ஹியூபேட்டின்ர கையப்பா அது’ எண்டு சொன்னவங்கள். இனி, ‘ஹியூபேட்டின்ர கையைப் பார்’ எண்டு சொல்லுவாங்கள். நான் போகேல்லை.” இரண்டு வருஷம் போனால் எல்லாரும் தன்னை மறந்துவிடுவார்கள், பிறகு வரலாம் என்று நினைக்கிறார். உங்கள் முகத்தைப் பார்க்கவும் வெட்கப்படுகிறார்.

வேறு பெண் ஒருத்தியும் இல்லை. அந்த இடத்தை வாசிக்கும்போது அவர் சிரித்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மலையைத் தின்ற கோழியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். இப்போது வேலையால் வந்ததும் இடது கையால் உங்கள் வளவைப் படம் கீறுகிறார். ஈரப்பலா மரத்தை எந்த இடத்தில் போடுவது என்று என்னோடு சண்டை.

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க நவம்பர் நடுப்பகுதி வரை தவணை இருக்கிறது. நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
பாயிஸ்


கொட்டாஞ்சேனை
1980 ஒக்ரோபர் 16

என் அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் காயத்தைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன். ஆறுகிறபோது ஆறட்டும்.

இந்தத் தடவை மலையைச் சீமெந்தில் கட்டினோம். சாக்கைச் சீமெந்துக் குழம்பில் தோய்த்துப் போர்த்தினோம். மூன்று மழை பெய்தும் நிற்கிறது. கோழி கொத்திப் பார்த்துவிட்டுச் சொண்டு நொந்து போய்விட்டது. பாதையும் மரத்தைச் சுற்றி வந்துவிட்டது. வளைவில் மட்டும் பெட்டி விழுகிறது. அண்ணர் அந்த இடத்தைச் சுத்தியலால் தட்டிச் சரிப்பண்ணலாம் என்கிறார். நான் சுத்தியலை ஒளித்து வைத்திருக்கிறேன்.

அதைவிட ஒரு பிரச்சினை. எஞ்சின் ஓடவில்லை. தண்டவாளத்துக்கும் சுவரில் இருக்கிற பிளக்குக்கும் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டி மாட்டவேண்டுமாம். அதை மாட்டுகிற விதம் எங்களுக்கு விளங்கவில்லை. சவுந்தரநாயகம் அண்ணர் சொல்கிறார், “வீட்டிலை கறன்ற் இருக்கு, தண்டவாளம் இரும்பு. நடுவிலை இந்தப் பெட்டி என்னத்துக்கு? வயரை நேரா சுவரிலை குத்துவம்.” நான் கொஞ்சம் பொறுங்கள் அண்ணை, இவருடைய பதில் வரட்டும் என்றேன். “கிறிஸ்மஸ் மட்டும் பொறுப்பன். அதுக்கு மேலை ஏலாது” என்கிறார். நானும் யோசிக்கிறேன், அவர் சொல்வதும் நியாயம் போலத்தான் கிடக்கிறது. இரும்புதானே.

அத்தான், இங்கே வேலைக்குக் கை தாராளம். என்னுடையது இரண்டு, அண்ணருடையது இரண்டு, ஐறீனுடையது இரண்டு. ஆறு கையும் சும்மா ஆடிக்கொண்டு நிற்கின்றன. கதிரையில் இருந்து “அப்பிடியில்லை, இப்பிடி” என்று ஏசுவதற்குத்தான் ஆள் இல்லை. நான் உங்களிடம் வேறொன்றும் கேட்கவில்லை. அந்த வாயை மட்டும் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
சுவருக்குப் பக்கத்தில் நிற்கும்
இமெல்டா


பஹ்ரேன்
1980 நவம்பர் 3

இமெல்டா,

சுவரில் குத்தாதேயும். ஒருவரும் குத்தக்கூடாது. மழை ஈரத்தில் தண்டவாளத்தைத் தொட்டால் ஆள் முடிந்தது. கோழியும் முடிந்தது. கறன்றைக் குறைக்கிறதே அந்தக் கறுப்புப் பெட்டிதான்; அதையும் வயரையும் அலுமாரியில் வைத்துப் பூட்டும்.

இதை இடது கையால் நானே எழுதுகிறேன். இவ்வளவுக்கும் ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

முந்தின கடிதத்தில் காயத்தைப் பற்றித் துளைத்த நீர், இனிக் கேட்கமாட்டேன் என்று எழுதினால் எனக்கு விளங்காதா? உமக்குத் தனியாக எழுதினாயோ என்று பாயிஸைக் கேட்டேன். அவன் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போய்விட்டான்.

மூன்று விரல் போய்விட்டது. உமக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. வேறு காரணம் இல்லை.

நான் கையெழுத்து வைக்கவில்லை. டிசம்பர் 13 சனிக்கிழமை காலை கட்டுநாயக்காவில் இறங்குகிறேன். விமான நிலையத்துக்கு ஊரைக் கூட்டிக்கொண்டு வராதேயும். நீர் மட்டும் வாரும்.

வளைவில் பெட்டி விழுவது உள்பக்கம் தாழ்ந்ததால். சுத்தியலை ஒளித்தது நல்ல வேலை.

ஹியூபேட்


கொட்டாஞ்சேனை
1980 டிசம்பர் 28

அன்புள்ள பாயிஸ் தம்பிக்கு இமெல்டா அக்கா எழுதிக்கொள்வது.

உங்கள் அண்ணர் எழுதுவார் என்று காத்திருக்காதீர்கள். அவர் விடிந்தால் பின் வளவில். மூன்று தரம் கூப்பிட்டால்தான் சோற்றுக்கே வருகிறார்.

விமான நிலையத்தில் வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி, இடது கையால் மட்டும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அது கோணலாகப் போய் ஒரு வெள்ளைக்காரரின் காலில் ஏறியது. எனக்கு அழுகை வந்தது, தம்பி, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அழுதால் அவர் திரும்ப விமானத்தில் ஏறிவிடுவார். கிட்டப் போய் அந்தக் கையைப் பைக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, என் கைப்பையை அதில் மாட்டிவிட்டேன். “பாரமாக் கிடக்கு, பிடிங்கோ” என்றேன். பிடித்தார். கொட்டாஞ்சேனை வரைக்கும் அந்தப் பை அந்தக் கையில்தான் இருந்தது.

வீட்டுக்குள் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. நேரே பின் வளவு. பாதையைப் பார்த்தார். சவுந்தரநாயகம் அண்ணரைப் பார்த்தார். “நீங்களோ அண்ணை வயரைச் சுவரிலை குத்தப் பாத்தது?” அண்ணர் ஓரடி பின்னுக்குப் போனார். “நானோ? நான் வீட்டிலை பல்ப் மாத்திறதுக்கே பயம் தம்பி. ஐறீனைக் கேட்டுப் பார்.” இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு உலையில் அரிசி இருந்தது, நான் குசினிக்குள் போய்விட்டேன்.

ஓம் தம்பி, அது நான் கட்டின கதை. கறுப்புப் பெட்டியும் வயரும் முதல் நாளிலிருந்தே அலுமாரிக்குள். சாவி என் இடுப்பில். நாலாம் வகுப்பில் அவ்வளவுக்குப் படிப்பித்தார்கள். அன்றைக்கு இராத்திரி இவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார். பிறகு, “நீர் பெரிய கள்ளி” என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.

கதிரையில் இருந்து ஏசுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள்தான் இருந்தார். அடுத்த நாள் முழங்காலில் போய்விட்டார். மிச்சமிருக்கிற இரண்டு விரலையும் குறடு மாதிரிப் பாவிக்கிறார். ஆணி பிடிக்க நான் வேண்டும். பிடித்தால், பிடித்தது பிழை என்று ஏச்சு. துறைமுக வேலையைப் பற்றிக் கேட்டால், தை பிறக்கட்டும் யோசிப்பம் என்கிறார். யோசிக்கட்டும்.

கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள் அவருடைய பழைய கூட்டாளிகள் ஐந்து பேர் துறைமுகத்திலிருந்து வந்தார்கள். வாசலில் சத்தம் கேட்டதும் இவர் முகம் செத்துப்போயிற்று. கை தானாகப் பைக்குள் போயிற்று. வந்தவர்கள் கை கொடுக்கக்கூட நிற்கவில்லை. “எங்கை மச்சான் அந்த ரயில்?” என்று கேட்டுக்கொண்டு நேரே பின்னுக்குப் போய், ஐந்து தடியன்களும் பாதையைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். ஒருத்தன் வேகத்தைக் கூட்டு என்கிறான், ஒருத்தன் நான்தான் கார்ட் என்கிறான், இன்னொருத்தன் பெட்டியில் முந்திரிக்கொட்டை ஏற்றுகிறான்.

அரை மணித்தியாலம் போனது. இவருக்குப் பொறுக்க ஏலவில்லை. கையை வெளியே எடுத்து எல்லாருக்கும் முன்னால் தூக்கிப் பிடித்தார். “டேய், எனக்கு மூண்டு விரல் போட்டுது. ஒருத்தனும் கேக்கிறீங்களில்லை.”

கிரேனில் வேலை செய்கிற தியாகராசா தலையை நிமிர்த்தவே இல்லை. “அறிஞ்சம் மச்சான். கேப்பம், பொறு. முதல் இது ஏன் குகைக்குள்ளை நிண்டிட்டுது எண்டு வந்து பார்.”

இவர் தூக்கின கையைக் கீழே விட்டார். பிறகு, “தள்ளுங்கடா, உங்களுக்கு என்ன தெரியும்” என்று போய் வயிறு மண்ணில் படப் படுத்து, அந்தக் கையைக் குகைக்குள் விட்டார்.

தேத்தண்ணி ஏழு கோப்பை போட்டேன், தம்பி. ஆறும் ஆறிப்போயிற்று. நான் என்னுடையதைச் சுடச்சுடக் குடித்தேன்.

இப்படிக்கு,
அக்கா இமெல்டா