சேகரின் கன்னம்

என் செல்லத் தம்பி குமாருக்கு,

செல்லம் என்று எழுதியது பழக்கதோஷம். உன்மேல் எனக்கு இருப்பது கோபம். நீ போய் மூன்று மாதமாகியும் அது இம்மியும் குறையவில்லை.

நம் ‘அஞ்சாங்கட்டைக் குழு’ சித்திரக்கதையின் கடைசி இதழ் என் மேசையில் கிடக்கிறது. பழைய வேன் ஒன்றில் தேயிலைத் தோட்டம் தோட்டமாய்ப் போய் ஆவிகளைத் துப்பறியும் அந்த மூன்று பேரும் எங்கே என்று வாசகர்கள் கேட்கிறார்கள். முக்கியமாகத் தலைவன் சேகரை. கடைசிப் பக்கம் ஒன்றைத்தான் நீ வரையவில்லை. பிலிமத்தலாவையில் நம் சித்திரக்கதையை அச்சடிக்கும் ரியாஸ் போன கிழமை வந்தார்.

“அக்கா, வேற ஆள வச்சு வரைவோம். சேகர் செத்து ஆவியா வாற மாதிரி முடிச்சா நல்லாப் போகும். தம்பிக்கும் ஒரு மரியாததானே?”

தேத்தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினேன். செத்தது நீ. சேகர் ஏன் சாக வேண்டும்?

எந்த ஆவியைக் கண்டாலும் சேகர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “உசுரோட இருக்கும்போது யாருக்கிட்டச் சொல்லாம விட்ட?” எழுதியவள் நான். வரைந்தவன் நீ. இத்தனை தடவை வரைந்தும் உனக்கு உறைக்கவில்லையா?

நாவலப்பிட்டியில் உன் அறையைக் கூட்டப் போனபோது அலுமாரியில் கிளினிக் கொப்பி கிடைத்தது. புற்றுநோய்க்கு, ஒரு வருஷமாக, மாதா மாதம் நான் இருக்கும் கண்டிக்கே வந்திருக்கிறாய். எனக்குச் சொன்னது என்ன? “மழைக்கா, ரோட்டுல மண்சரிவு பயம், நான் வரல்ல. படத்த பஸ்ல குடுத்து விடுறேன்.” நானும் நாவலப்பிட்டி பஸ் கண்டக்டரிடம் கவரை வாங்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடுவேன். நேற்று அவரிடம் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

“தம்பி பின் சீட்டுலதான் இருந்தாரு மிஸ். நீங்க போன பொறகுதான் எறங்குவாரு. சொல்ல வேணாம்னாரு.”

பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய், பாவி! ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் வாய் வலித்திருக்குமா? நான் அழுவேன் என்று பயந்தாயா? இப்போது மட்டும் சிரித்துக்கொண்டா இருக்கிறேன்?

நீ சொல்லாமலும் இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. கண்ணாடியில் உன் முகத்தைப் பார்த்துத்தான் சேகரை வரைவாய். இந்த இதழில் அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் சிவப்புப் பேனாவால் பக்க ஓரத்தில் எழுதினேன்: “சேகர் பட்டினியா? பழைய முகம் வேண்டும். ஏனோதானோவென்று வரையாதே.” அதே பஸ்ஸில் திருப்பி அனுப்பிவிட்டு, போனிலும் திட்டினேன்.

“சரிக்கா, கன்னம் வச்சு அனுப்புறேன்” என்று சிரித்தாய். குண்டு முகங்களை வரைந்து, வெட்டி, மெலிந்த முகங்களின் மேல் ஒட்டி அனுப்பினாய். இப்போதுதான் சரி என்று நான் பாராட்டவும் செய்தேன். நம் இருவரைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு பிழை செய்ய வரும்?

இன்று காலை பிளேடால் அந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தேன். அடியில் இருந்ததை நீ அழிக்கவே இல்லை. பக்கத்துக்குப் பக்கம் எலும்பும் கண்ணுமாக இருக்கிறாய்.

ரியாஸிடம் சொல்லிவிட்டேன். இந்த முகத்தோடுதான் இதழ் வரும். கடைசிப் பக்கத்தை யாரும் வரையப் போவதில்லை. ஓரத்திலுள்ள என் சிவப்பு எழுத்தையும் அப்படியே அச்சடிக்க வேண்டும்.

“சனம் உங்கள ஏசும் அக்கா.”

ஏசட்டும். உன்னை நான் மன்னிக்க மாட்டேன், என்னையும்தான். ஆனால் இனி உன் முகத்தில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கன்னத்தைத் திருத்தச் சொன்ன
உன் அக்கா,
வசந்தி