கவர்னருக்கு நேர்ந்த கிடா

புதூர்நாடு,
19-2-1984

என் உயிரான உங்களுக்கு,

சம்பூர்ணம் வணங்கி எழுதுவது. நானும் குழந்தையும் சுகம். நைஜீரியாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ஜீப்பில் உங்கள் கடிதம் வந்தது. கையெழுத்தைப் பார்த்ததும் போன உயிர் திரும்பி வந்தது. படித்து முடித்ததும் மறுபடி போய்விட்டது.

ஒசாரே ஐயாவை ஜெயிலில் வைத்திருக்கிறார்களாம். அவர் கவர்னராக இருந்தபோது உங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கூடச் சாமான் எதுவுமே வரவில்லை, எல்லாவற்றையும் அவரே தின்றுவிட்டார் என்று விசாரணைக் குழுவில் நீங்கள் சொல்ல வேண்டுமாம். சொன்னால் வேலை நீடிக்கும். மறுத்தால் ஊருக்கு அனுப்புவார்கள், இல்லை உங்களையும் உள்ளே தள்ளுவார்கள். இதையெல்லாம் எழுதிவிட்டு, "நீ சொல்கிறபடி செய்கிறேன்" என்று முடித்திருக்கிறீர்கள். நல்லா இருக்குங்க! ஒரு புடவை எடுப்பதற்கு என்றைக்காவது என்னைக் கேட்டதுண்டா? இதற்கு மட்டும் நானா?

யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தீர்கள். ஊர்க்கவுண்டர் சக்கரவர்த்தியிடம் மட்டும் சொன்னேன். அவரிடம் சொன்னால் மலை முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரிதானே என்று நீங்கள் பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. ஆனால் அவருக்கும் இதில் பாத்தியதை இருக்கிறதே! 79 தேர்தல் சமயத்தில் நீங்கள் எழுதியதை நான்தானே படித்துக் காட்டினேன்? ஒசாரே ஐயா வாத்தியாராக இருந்து கவர்னருக்கு நிற்கிறார், அங்கே கவர்னருக்கும் ஜனங்கள்தான் ஓட்டுப் போட வேண்டும், ஜீப் போகாத ஊருக்கெல்லாம் நடந்தே போய் ஓட்டுக் கேட்கிறார் என்று. "இன்னாம்மா, நம்ம மலை ஆளு மாதிரி கீறாரே" என்று சொல்லி, அவர் ஜெயிக்கக் காளியம்மனுக்குக் கிடா நேர்ந்தார் சக்கரவர்த்தி. எந்த வகையறா என்று பூசாரி கேட்டார். வகையறா சொல்லாமல் இங்கே நேர்த்திக்கடன் ஏது? "நம்ம வாத்தியார் வகையறாதான், எழுதிக்கோ" என்று அடித்துச் சொல்லிவிட்டார் மனுஷன். பாவம், ஒசாரே ஐயா தனக்கே தெரியாமல் உங்கள் சொந்த ஊரான படவேட்டுக்காரராகி உங்களுக்குப் பங்காளியும் ஆகிவிட்டார். ஜெயித்தும் விட்டார். அன்று இங்கே கறிச்சோறு.

அதற்கப்புறம் உங்கள் கடிதம் வந்தால் முதல் கேள்வி "கவர்னர் எப்படி கீறார்" என்பதுதான். வாத்தியார் எப்படி என்பது இரண்டாவது. சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் பள்ளிக்கு வந்து, பிள்ளைகளோடு தட்டேந்தி வரிசையில் நின்று சாப்பிட்டார் என்று எழுதினீர்களே, அதைக் கேட்ட மறுநாளே சக்கரவர்த்தி நான் பொறுப்பாளராக இருக்கும் சத்துணவுக் கூடத்தில் தட்டோடு வந்து நின்றார். அன்றைக்கென்று சாம்பாரில் உப்பு இல்லை. என்னைத் திட்டிய திட்டு இருக்கிறதே, அம்மாடி! இப்போதும் எந்த நாளில் வந்து நிற்பாரோ என்று பயந்து, சமையல்காரி கெங்கம்மாள் தினமும் ருசி பார்த்துத்தான் இறக்குகிறாள். எங்கேயோ இருக்கிற ஒரு கவர்னரால் நம் மலைப் பிள்ளைகள் வாய்க்கு ருசியாகச் சாப்பிடுகின்றன.

போன வருஷம் அவர் கவர்னர் பதவியை விட்டு செனட்டர் ஆனபோது இங்கே துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார்கள். இந்த மலையில் ஊர்க்கவுண்டர் செத்தால்தான் அடுத்த ஆள், இல்லாவிட்டால் தப்புச் செய்து ஊரே இறக்க வேண்டும். அதனால் அவரும் ஏதோ தப்புச் செய்து இறக்கப்பட்டார் என்றே நினைத்தார்கள். நம் டெல்லி பார்லிமென்ட் மாதிரி ஒரு பெரிய சபை, இன்னொருவருக்கு வழிவிட்டுத் தானாகவே அங்கே போயிருக்கிறார், முதல் பேச்சையே சம்பளம் வராத வாத்தியார்களுக்காகத்தான் பேசினார் என்று நான் தொண்டை வற்ற விளக்கினேன். "எறங்கத் தெரிஞ்சவன்தாம்மா பெரிய மனுசன்" என்றார் சக்கரவர்த்தி. தான் இறங்குவதைப் பற்றி மூச்சு விடவில்லை, அது வேறு விஷயம்.

அந்த மனுஷன்தான் நேற்று உங்கள் சேதியைக் கேட்டதும் என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் ஏற்றினார். "ஆய்வுக்கூடப் பெட்டியை லாரியிலிருந்து வாத்தியார் எறக்கினாரா, இல்லையா?" என்று கேட்டார். இறக்கினார், தோள் வீங்கிவிட்டது என்றுகூட எழுதினார் என்றேன். "அப்பால இன்னா கேள்வி? சூடத்த அணைச்சி அவரால பொய் சொல்ல முடியுமா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கென்ன, சொல்வார். அங்கே இருப்பது என் புருஷன் அல்லவா? ராத்திரி முழுக்க அழுதேன்.

விடிந்து முகம் கழுவிவிட்டு எழுதுகிறேன். பொய் சொல்லாதீர்கள். உங்கள் தோளில் வந்த பெட்டியை வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்தால், அப்புறம் எந்தப் பிள்ளைக்குப் பாடம் சொல்வீர்கள்? ஒசாரே ஐயா ஒன்றும் சாமி இல்லை. ரோடு போடும் வேலையைத் தன் மச்சானுக்கே கொடுத்தார் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? கேட்டால் அதையும் சொல்லுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், நடக்காததைச் சொல்லாதீர்கள். படவேட்டில் நாம் கட்டும் வீடு கூரை இல்லாமல் நிற்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். கீற்றுப் போட்டுக்கொள்ளலாம். மழை பெய்தால் மூன்று பேரும் சேர்ந்து நனையலாம்.

சக்கரவர்த்தி இன்னொரு குட்டி வாங்கி நம் வாசலில் கட்டியிருக்கிறார். அது என் முருங்கைக் கன்றை மொட்டையடித்துவிட்டது. நீங்கள் இங்கே வந்து சேர வேண்டும், ஒசாரே ஐயா வெளியே வர வேண்டும், அதுவரை இந்தக் கிடாவை வெட்டக்கூடாதாம். அதைக் கொழுக்க விடாதீர்கள், சீக்கிரம் வந்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் வருவதற்குள் உங்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தால், என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ராத்திரி அழுதேன்.

காளியம்மன் உங்கள் இருவருக்கும் துணை இருக்கட்டும். இரண்டு பேருக்காகவும்தான் வேண்டியிருக்கிறேன். யார் பெயரை முதலில் சொன்னாய் என்று மட்டும் சக்கரவர்த்தி எதிரில் என்னைக் கேட்டுவிடாதீர்கள்.

வாசலைப் பார்த்திருக்கும்,
சம்பூர்ணம்