நாலு லிட்டர் என்று எழுதிய விசிட்டிங் கார்டு

மார்ச் 9, திங்கட்கிழமை, காலை 10.40. நீ போன பிறகு உன் நம்பருக்கு வந்த அழைப்புகள் 41. அதில் உன் விசிட்டிங் கார்டைப் பார்த்துக் கூப்பிட்டவர்கள் 33 பேர்.

என் அப்பாவுக்கு,

எடுத்ததுமே கணக்கா என்று முறைக்காதே. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் போனை அணைக்க அம்மா விடவில்லை. அதனால் கூப்பிடுகிற ஒவ்வொருவரிடமும் நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டு எக்ஸெலில் போட்டுக்கொண்டு வருகிறேன். கார்டு செத்துப்போன சாமான் என்று நிரூபிக்கத்தான் ஆரம்பித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

நமக்குள் நடந்த சண்டை ஞாபகம் இருக்கிறதா? கதிர்காமத்தில் கடையைத் திறந்த நாளிலிருந்து, வாடகைக்குப் போகும் ஒவ்வொரு ஆக்சிஜன் மிஷினோடும் ஒரு கார்டு கொடுப்பாய். புதுக் கட்டு பிரஸ்ஸிலிருந்து வந்தால் முதல் கார்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி சாமி படத்துக்கு முன்னால் வைப்பாய். இந்தக் காலத்தில் எவன்ப்பா கார்டைப் பாக்கறான், க்யூஆர் ஒட்டிடலாம், ஸ்கேன் பண்ணா நம்பர் வந்துடும் என்றேன். நீ மிஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "கரண்ட் போனாதான்டா எனக்குப் போன் வரும். அப்ப அவங்க போன்லயும் சார்ஜ் இருக்காது. பக்கத்து வீட்டுப் போன்ல ஒன் க்யூஆரை எங்க தேடுவாங்க?"

அப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரியில் எனக்குச் சந்தேகம் வந்தது. கூப்பிடுகிறவர்கள் பழைய வாடிக்கையாளர்கள் என்றால் சரி. ஆனால் நாலைந்து பேர், கார்டு போன வாரம்தான் கைக்கு வந்தது என்றார்கள். இல்லாத மனுஷன் போன வாரம் எப்படிக் கார்டு கொடுப்பான்?

யாரோ உன் பெயரைச் சொல்லிப் பிழைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். யார் என்றும் முடிவு கட்டினேன். உன்னோடு பதினோரு வருஷம் மிஷின் தூக்கிய முரளி அண்ணன், நீ போன இரண்டாம் மாதமே தனிக்கடை போட்டார். வேறு யாரை நினைப்பேன்? காகிதத்தில் இதுதான் பிரச்சினை அப்பா. பாஸ்வேர்டு கிடையாது. எவன் பையில் இருக்கிறதோ அவன்தான் நீ.

நேரே அவர் கடைக்குப் போனேன். நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டேன். முரளி அண்ணன் கோபப்படவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"தம்பி, உங்கப்பன் கார்டு எங்கிட்ட ஒண்ணுகூட கெடையாது. எனக்கு எதுக்குக் குடுக்கப் போறாரு, தெனம் நாப்பது தடவை போன் பண்ற ஆளுக்கு? நம்பலைன்னா சட்டைப் பையைப் பாத்துக்கோ."

பார்த்தேன் அப்பா. கையை விட்டே பார்த்தேன். ஒரு டெஸ்டர், பாதி மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட். அவ்வளவுதான். ஒருவர் சிரித்தார். முரளி அண்ணனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, தெரியவில்லை. அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கார்டை வீட்டில் வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் அம்மா கூப்பிட்டார். கோரிமேடு தாண்டி, மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர். பெயர் கலாவதி. வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர், நுரையீரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒன்பது நாள். மிஷின் வேறு கடையில் வாடகைக்கு எடுத்தது. அது விட்டு விட்டுக் கத்துகிறது, அந்தக் கடைக்காரர் போனை எடுக்கவில்லை, கார்டில் இருந்த நம்பருக்குப் போட்டேன் என்றார்.

எனக்கு மிஷின் முக்கியமாகப் படவில்லை. திருடன் அகப்பட்டான் என்றிருந்தது. கார்டு யார் கொடுத்தது என்று மூன்று முறை கேட்டேன். முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். மகளின் போனிலிருந்து அனுப்பினார்.

முன்பக்கம் நம் கடை. பின்பக்கம் நீ. நீல மை, உன் உருண்டை எழுத்து. "பந்து 4-ல் நிற்கணும். நாலு லிட்டர். கரண்ட் போனால் பதற வேண்டாம், கூப்பிடுங்கள்."

பந்து என்றால் மிஷின் முகப்பில் கண்ணாடிக் குழாய்க்குள் மிதக்கிற சின்னக் குண்டு. நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்று அதுதான் காட்டும்.

உங்கள் மிஷினில் பந்து எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"நாலுலதான் தம்பி. எழுதியிருக்கற மாதிரியே வெச்சிருக்கேன்."

வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். தூங்கிக்கொண்டே இருக்கிறார், எழுப்பினால் தலை வலிக்கிறது என்கிறார், நேற்றிலிருந்து பேச்சு குழறுகிறது என்றார். ஆஸ்பத்திரிச் சீட்டையும் படம் எடுக்கச் சொன்னேன். இங்கிலீஷில் கோழிக் கிறுக்கல். பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு லிட்டர். அதற்கு மேல் கூடாது என்று கோடு வேறு போட்டிருந்தது.

சில நோயாளிகளுக்கு ஆக்சிஜன் கூடிப்போனால் உள்ளே கெட்ட காற்று தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். சீட்டில் இருக்கிறபடி ஒன்றில் வையுங்கள், உடனே ஆம்புலன்சுக்குச் சொல்லுங்கள், அந்தச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். வண்டியை எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். பிழைத்துவிட்டார். இப்போது தலைவலி இல்லை, டீ கேட்டு நச்சரிக்கிறாராம்.

வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோதுதான் கலாவதியம்மா சொன்னார். அந்தக் கார்டைக் கொடுத்தது, போன தடவை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கையில் இருந்தவரின் மனைவி. அவர் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். துணிகளை மூட்டை கட்டும்போது பையிலிருந்து கார்டை எடுத்து, "எங்களுக்கு இனிமே வேணாம் அக்கா, நீங்க வெச்சுக்குங்க, நல்ல மனுஷன்" என்று கையில் வைத்துவிட்டுப் போனாராம்.

முரளி அண்ணனும் இல்லை, வேறு எவனும் இல்லை. ஒரு வீட்டில் உயிர் போனால் கார்டு அடுத்த வீட்டுக்குப் போகிறது. பின்பக்கத்து எண்ணும் கூடவே போகிறது.

டாக்டர் சீட்டை விட்டுவிட்டு இதை ஏன் நம்பினீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டேன். அவர் அழவில்லை. "இது தமிழ்ல இருந்துச்சு தம்பி. பதற வேண்டாம்னு வேற போட்டிருந்துச்சு" என்றார்.

உன் மேல் எனக்குக் கோபம் அப்பா. டாக்டர் சொன்ன அளவைத்தான் எழுதினாய், தெரியும். ஆனால் யாருக்கு என்று ஏன் எழுதவில்லை? தேதி ஏன் போடவில்லை? தொழிற்பேட்டையில் என் வேலையே அளவுக் கருவிகளைச் சோதிப்பதுதான். சோதித்த தேதி, அடுத்துச் சோதிக்க வேண்டிய தேதி, இரண்டும் ஒட்டியிருக்கும். தேதி தாண்டிவிட்டால் அது காட்டுகிற எண்ணை நாங்கள் எவரும் நம்ப மாட்டோம். என்னை அந்தப் படிப்பு படிக்க வைத்தவன் நீ. உனக்கு எப்படித் தோன்றாமல் போனது?

கார்டு இந்தக் காலத்தில் பயன்படுமா என்று உன்னோடு மல்லுக்கட்டினேன். பயன்படுகிறது, ஒத்துக்கொள்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்களும் நம்புகிற அளவுக்குப் பயன்படுகிறது. அதுதான் எனக்குப் பயம். க்யூஆராக இருந்திருந்தால் இங்கிருந்தே மாற்றியிருப்பேன். ஆனால் கலாவதியம்மா என்னைக் கூப்பிட்டிருக்கவே மாட்டார். இதில் எதைச் சரி என்று சொல்வது? எத்தனை கார்டில் எண் எழுதினாய்? ஒரு நோட்டிலாவது குறித்து வைத்தாயா? கடை முழுக்கத் தேடிவிட்டேன்.

உனக்கு எழுதுவதை ஊரே படிக்கிற மாதிரி எழுதுவதும் அதனால்தான். அந்தக் கார்டுகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று உன்னால் இனிச் சொல்ல முடியாது, எனக்குத் தெரியாது. வைத்திருப்பவர் கண்ணில் இது படட்டும். பின்பக்கத்து எண் உங்களுக்கு எழுதியதல்ல. தயவுசெய்து டாக்டர் சீட்டைப் பாருங்கள்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். இனிச் செய்யப் போவது இவை:

1. இதுவரை கூப்பிட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போவேன். முதலில் பந்தைப் பார்ப்பேன், பிறகு சீட்டைப் பார்ப்பேன், அப்புறம்தான் தண்ணீர் வாங்கிக் குடிப்பேன்.

2. புதுக் கார்டு அடிப்பேன். ஆமாம், காகிதத்தில்தான். பின்பக்கம் நோயாளி பெயருக்கும் தேதிக்கும் இடம் இருக்கும். அளவு எழுத இடம் இருக்காது.

3. சீட்டில் இருப்பதை வீட்டாருக்குத் தமிழில் படித்துச் சொல்வேன். திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பேன். தலையாட்டினால் நம்ப மாட்டேன்.

4. முரளி அண்ணனிடம் மன்னிப்புக் கேட்பேன். கடையில் ஆள் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போவேன்.

5. உன் எழுத்து உள்ள கார்டுகளை வாங்கி, அந்தந்த வீட்டு வாசலிலேயே கிழிப்பேன். ஒன்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தரச் சொல்லி அம்மா கேட்டார். அம்மாவுக்கும் கொடுக்க மாட்டேன்.

உன் மூத்த பிள்ளை,
பிரபு