கூரை கழற்றிய பாலம்

சிகாமட்
7-12-1932

அன்பு மகள் செல்வராணிக்கு அப்பா காளியப்பன் ஆசீர்வதித்து எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், சுங்கை பட்டாணியில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்களோ என்றுதான் பொழுதெல்லாம் நினைப்பு. பிரசவத்துக்கு இங்கே வருவதாக எழுதியிருந்தாய். வேண்டாம் கண்ணு, ரயில் ஏறிவிடாதே. நம் ஆற்றுப் பாலம் விழுந்துவிட்டது, தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வர வேறு வழியில்லை, இந்த மழைவெள்ளத்தில் நிறைமாதக்காரியைப் படகில் ஏற்ற எனக்குத் தைரியமில்லை.

உனக்கு ஆறு வயசாயிருக்கும்போது நானும் நாலு சீனத் தச்சர்களும் கட்டின பாலம் அது. ஆற்று நடுவே கால் ஊன்றினால் வெள்ளத்தில் வரும் மரங்கள் மோதிச் சாய்த்துவிடும் என்று, இரண்டு பக்கமும் கட்டைகளை முக்கோணமாகக் கோத்து, கரைக்குக் கரை ஒரே தாவாக நிறுத்தினோம். கோத்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கினால் மெராந்தி மரம் உளுத்துப்போகும், அதற்காகத்தான் மேலே தகரக் கூரையும் பக்கத்தில் பலகையடைப்பும். பழைய துரை தன் ஊரில் இப்படிப் பார்த்ததாகச் சொல்லிப் படம் போட்டுக் கொடுத்தார். ரப்பர் விலை விழுந்த பிறகு வந்த புதுத் துரை, லயத்துக்குத் தகரம் வாங்கப் பணமில்லை, பாலத்துத் தகரத்தைக் கழற்று என்றார். கழற்றியது நான்தான், செல்வராணி. மரம் கெடும் என்று தெரியும். அந்த வாரம்தான் இருபது பேருக்கு வேலைச் சீட்டைக் கிழித்து ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றியிருந்தார்கள், பயத்தில் வாயை மூடிக்கொண்டேன், அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது.

போன வாரம் திங்கட்கிழமை ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ராசம்மா ஓடிவந்து, அண்ணே, பாலம் முனகுது, வந்து பாருங்க என்றாள். அடியில் இறங்கி உளியை வைத்தேன், வாழைத்தண்டில் இறங்குகிற மாதிரி பிடிவரை இறங்கிவிட்டது. இரண்டு முனையிலும் குறுக்கே கட்டை கட்டிவிட்டு ஆபீசுக்கு ஓடினேன், துரை இல்லை. அதற்குள் கங்காணி ஐயாசாமி, பால் கெட்டுப்போகும், தச்சன் சொன்னான்னு வேலை நிக்கணுமா என்று கட்டையை அவிழ்த்து, பால் ஏற்றின வேலுவின் மாட்டுவண்டியைப் பாலத்தில் விட்டுவிட்டார். நடுவில் போகும்போது பாலம் அப்படியே மடங்கி ஆற்றில் உட்கார்ந்தது. மாடு இரண்டும் போயிற்று. வேலு கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் துரை எல்லாரையும் நிற்க வைத்து, தச்சன் ஏன் முன்னமே சொல்லவில்லை என்றார். கூரை போனா மரம் போகும்னு அன்னைக்கே தெரியும் துரை, சொல்லாதது என் தப்பு, கழற்றச் சொன்னது நீங்க என்று சொல்லிவிட்டேன். அவர் ஆபீசுக்குத் திரும்பிப் போய்விட்டார். நேற்று ஆள் விட்டு, புதுப் பாலத்துக்கு எத்தனை நாளாகும் என்று கேட்டார். கூரையோடு இரண்டு மாதம், கூரை இல்லையென்றால் உளி தொடமாட்டேன் என்று சொல்லியனுப்பினேன். இன்னும் பதில் இல்லை. வேலை இருக்குமோ, சீட்டுக் கிழியுமோ தெரியவில்லை.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். கப்பலேத்தினா ஏத்தட்டும், முதல்ல எம்புள்ளைக்குப் பேறு பாக்கணும் என்று துணிமூட்டையைக் கட்டிவிட்டாள். சனிக்கிழமை அவள்தான் அங்கே புறப்படுகிறாள். ஓடுகிற தண்ணீரைக் கண்டாலே நடுங்குகிறவள், பயம் தெளியட்டும் என்று இன்று காலை படகோட்டி உதுமானின் படகில் ஒருதரம் அக்கரை போய்த் திரும்பினாள், இரண்டு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டே.

தண்ணீர்க்குடம் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையை மறக்காமல் ஸ்டேசனுக்கு அனுப்பு. முருகன் துணையில் நீயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து வர வேண்டும். ஆற்றைத் தாண்டும்போது பயந்தாயா என்று கேட்டால் அம்மா இல்லை என்பாள். நம்பிவிடு.

உன் அப்பா,
தச்சன் காளியப்பன்