அவர்கள் நீக்கச் சொன்ன பத்தி

எழுதி அடித்ததை மறைக்கத் தெரியாத என் அப்பாவுக்கு,

நம் சபைக்கு நூறு வயதாகிவிட்டது. கோயிலுக்கு வெள்ளையடித்து, நூற்றாண்டு மலர் ஒன்றும் போட்டார்கள். உங்களைப் பற்றி இரண்டு பக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். ஒரு பத்தியை நீக்கினால் போடுகிறோம் என்றார்கள். பக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம் வேறொரு பத்திரிகையில் வருகிறது. நம் ஆட்கள் கட்டாயம் படிப்பார்கள், யாராவது வாங்கி இரவல் கொடுத்தால்.

மலர்க் கமிட்டிக்கு யார் தலைவர் தெரியுமா? உங்கள் காலத்தில் சபை மூப்பராக இருந்தவரின் மகன் ஜெயசிங். அப்பாவைப் போலவே முன்வரிசை. அப்பாவைப் போலவே, எல்லாரும் பாடி முடித்த பிறகும் அரை வரி நீளும் குரல்.

விழாவுக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, வேதத்தை நம்பப் பத்துக் காரணங்கள் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். மதராஸிலிருந்து வந்த பேச்சாளர் துணியில் எழுதிய பட்டியலைத் தொங்கவிட்டு, கோலால் தட்டித் தட்டிப் பேசினார். பழைய கையெழுத்துப் படிகள், மண்ணைத் தோண்டியபோது கிடைத்த ஊர்கள். நான்காவது காரணத்தில் சோடா குடித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வேதத்தைச் சந்தேகப்பட்டவர் ஒருவரும் கிடையாது. சந்தேகப்படவும் முதலில் படிக்க வேண்டுமே.

ஆறாவது காரணத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வேதம் தன் மனிதர்களின் குற்றத்தை மறைக்கவில்லை என்றார். தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்டது அப்படியே இருக்கிறது. பேதுரு ஒரு வேலைக்காரிக்குப் பயந்து மறுதலித்ததும் இருக்கிறது. இட்டுக்கட்டிய கதையென்றால் முதலில் இவற்றைத்தானே எடுத்திருப்பார்கள் என்று கேட்டார். உங்கள் வாதம், அப்பா. கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தது. ஜெயசிங் தலையை ஆட்டி ஆட்டிக் குறிப்பெடுத்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அதே ஜெயசிங் என் பக்கங்களோடு வந்தார்.

"டீச்சரே, எழுத்து நல்லா இருக்கு. இந்த ஒரு பாரா மட்டும் வேண்டாம், கேட்டோ."

"ஏன், நடக்காததா?"

"நடந்ததுதான். நடந்ததெல்லாம் சொல்லணுமா? உங்க அப்பாவுக்குத்தானே குறைச்சல். பாராவ எடுத்துட்டா அவர் போட்டோவ முழுப் பக்கம் போடலாம்."

"பேதுருவுக்கும் ஒரு போட்டோ தாறேன்னு சொல்லியிருந்தா, அவரும் மறுதலிச்சத எடுக்கச் சம்மதிச்சிருப்பாரோ?"

அவருக்குப் புரியவில்லை. முந்தின நாள் எடுத்த குறிப்பு அவர் சட்டைப்பையிலேயே துருத்திக்கொண்டிருந்தது.

அந்தப் பத்தியில் இருந்தது உங்களுக்குத் தெரியும். படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

நீங்கள் ஆதாரம் எழுதுபவர். நிலம் கைமாறும் பத்திரத்துக்கு இந்த மலையாள ஊரில் அதுதான் பெயர். பழவங்காடியில் ஒரு குடைக்கடையின் பின்னறைதான் உங்கள் அலுவலகம். ஆதாரம் மலையாளத்தில் இருக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர் வந்தால், முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, 'வாசித்துக் கேட்டுச் சம்மதித்தார்' என்று முடிவில் எழுத வேண்டும். கல் உடைக்கத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த செல்லம்மைக்குக் கிள்ளிப்பாலத்தில் நான்கு சென்ட் இருந்தது. பக்கத்து நிலம் மூப்பருடையது. அவருக்கு வண்டி போக வர ஒரு வழி மட்டும் கொடுப்பதாக நினைத்துத்தான் செல்லம்மை வந்தார். மூப்பர் சொல்லி நீங்கள் எழுதிய ஆதாரத்தில் நான்கு சென்டையும் அவருக்கே கொடுப்பதாக இருந்தது. 'அண்ணாச்சி எழுதினா சரியாத்தான் இருக்கும்' என்று செல்லம்மை பெருவிரலை நீட்டினார். நீங்கள் வாசிக்கவில்லை. வாசித்துக் கேட்டுச் சம்மதித்தார் என்று எழுதினீர்கள்.

சில மாதம் கழித்து அந்த நிலத்தில் இருந்த வீட்டைவிட்டு அவரை இறக்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு, சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் நீங்கள் எழுந்தீர்கள். காய்ச்சல் குணமானதையும் மகனுக்கு வேலை கிடைத்ததையும் எல்லாரும் சொல்லும் நேரம் அது. "நான் பொய் எழுதினேன்" என்று தொடங்கினீர்கள். முன்வரிசையில் மூப்பர் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

என் பத்தியில் மூப்பரின் பெயர்கூட இல்லை, அப்பா. உங்கள் குற்றம் மட்டும்தான் இருந்தது. அதைக்கூட அவர்களால் விழுங்க முடியவில்லை.

செல்லம்மை போட்ட வழக்கு நடந்தபோது மூப்பரின் வக்கீல் உங்களைக் கேட்ட கேள்வியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அன்று எழுதியது பொய்யா, இன்று சொல்வது பொய்யா என்று கேட்டார். கோர்ட்டில் சிரித்தார்கள். நீங்கள் அவசரப்படவில்லை. அன்றைய பொய்யில் எனக்கு மூப்பரின் தயவு கிடைத்தது, இன்று சொல்வதில் என் தொழில் போகும், எதை நம்புவது என்று கோர்ட் தீர்மானிக்கட்டும் என்றீர்கள். செல்லம்மைக்கு நான்கு சென்ட் திரும்பக் கிடைத்தது. உங்கள் லைசென்ஸ் போயிற்று. உயிர்த்தெழுந்தவரைக் கண்டோம் என்று சொன்ன சீடர்களுக்கு மட்டும் தங்கள் சாட்சியால் என்ன கிடைத்துவிட்டது?

பி.ஏ. முடித்த கர்வத்தில் உங்களைச் சீண்டியிருக்கிறேன். கல்லறையில் ஒரு தூதன் என்று ஒரு சுவிசேஷக்காரர் எழுதுகிறார், இரண்டு பேர் என்று இன்னொருவர் எழுதுகிறார், இதைப் போய் நம்புகிறீர்களே என்று கேட்டேன். நீங்கள் பேனாவை மூடிவிட்டுச் சொன்னீர்கள்: "மக்கா, நாலு சாட்சியும் ஒரே வார்த்தைய சொன்னா எனக்குச் சந்தேகம் வரும். கோர்ட்டு வாசல்ல நிப்பாட்டி ஆரோ சொல்லிக்குடுத்திருக்கான்."

ஆதாரத்தில் பிழை வந்தால் நீங்கள் சுரண்டி அழித்ததில்லை. ஒரே ஒரு கோடு. அடித்தது அடியில் வாசிக்கக் கிடைக்க வேண்டும். முடிவில், இந்த வரியில் இன்னது அடிக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சுரண்டிய தாளை யார் கொண்டுவந்தாலும் நீங்கள் கையால் தொடமாட்டீர்கள். வேதம் அடித்தல் தெரிகிற ஆதாரம், அதனால் நம்புகிறேன் என்பீர்கள். உங்களுக்குப் பத்துக் காரணம் வேண்டியிருக்கவில்லை.

எனக்கு அது போதுமா? நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்தும் தெரியவில்லை. ஒருவர் தன் அவமானத்தை எழுதிவைத்தார் என்பதால் மற்றதெல்லாம் நடந்ததாகிவிடாது. ஆனால் அவர் ஏமாற்ற உட்கார்ந்தவர் இல்லை என்பதாவது தெரிகிறது. அவர் சொல்வதை நின்று கேட்கலாம். நான் நின்றுகொண்டிருக்கிறேன்.

மலரை வாங்கிப் பார்த்தேன். வழுவழுத் தாள். நூறு வருடத்தில் நம் சபையில் ஒருவர்கூட ஒரு தப்பும் செய்யவில்லை. கோள் சொன்னவர் இல்லை, நிலத்தைப் பிடுங்கியவர் இல்லை, அட்டை முதல் அட்டை வரை பரிசுத்தவான்கள். மூப்பர் முழுப் பக்கத்தில் சிரிக்கிறார். இவ்வளவு நல்லவர்களுக்கு ஒரு இரட்சகர் எதற்கு என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பத்துக் காரணங்களைக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆறாவதும் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் கிள்ளிப்பாலத்துக்குப் போனேன். செல்லம்மைக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. காது நன்றாகக் கேட்கிறது. அவரைப் பற்றி எழுதியிருப்பதால் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவசரமில்லாமல், ஒரு வரி விடாமல். நீங்கள் சபையில் எழுந்து நின்ற இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ எங்கம்மா பாத்த? அண்ணாச்சி வரச் சொல்லி நான் வாசல்லதான நின்னேன். அவரு வாயத் தொறந்ததும் நீ வெளிய ஓடி வந்த. ஆரு செருப்பையோ மாத்திப் போட்டுக்கிட்டுப் போனியே."

உங்கள் முறைப்படியே முடிக்கிறேன், அப்பா. இந்தக் கடிதத்தில் ஓரிடத்தில் அடித்தல் உண்டு. 'நான் பெண்கள் பக்கத்திலிருந்து உங்களைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்' என்று எழுதியிருந்தது அடிக்கப்பட்டிருக்கிறது. அச்சில் தெரியாது என்பதால் இங்கே சொல்கிறேன். நான் பார்க்கவில்லை. அன்று மத்தியானம் நீங்கள் வீட்டுக்கு வந்தபோது, நடந்ததெல்லாம் சொல்லணுமா என்று உங்களிடம் கேட்டவளும் நான்தான். ஜெயசிங் புதிதாக ஒன்றும் கேட்டுவிடவில்லை.

இனி உங்கள் பெயரை எங்கே எழுதினாலும் அந்தப் பத்தியோடு எழுதுவேன். என் பெயரை எழுதினால் இந்த அடித்தலோடு.

வாசித்துக் கேட்டுச் சம்மதித்தவர்: செல்லம்மை, இடது பெருவிரல்.

எழுதியவள்: செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிய உங்கள் மகள், கிரேஸ்.