பதினெட்டு அடி முதலையை வழிமொழிந்தவனுக்கு

மச்சான்,

திங்கட்கிழமை கூட்டறிக்கை வந்தது. எப்போதும்போல ஒரே காக்கி உறைக்குள் இரண்டு பிரதிகள். மேலே உள்ளது எனக்கு, கீழே உள்ளது உனக்கு. நீ போய் இருபது நாளாகிறது. ஆனால் நம் நகரச் சுற்றாடல் ஆலோசனைக் குழுவின் பெயர்ப்பட்டியலில் உனக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை.

உறையைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வரப் பாதி வழி நடந்தேவிட்டேன். வாவிக்கரைத் திருப்பத்தில் உன் தோணியைக் கரையில் கவிழ்த்து வைத்திருப்பதைக் கண்ட பிறகுதான் கால் நின்றது. திரும்பி என் சைக்கிள் கடைக்கு வந்து ஒரு டியூப்பை ஒட்டினேன். காற்றடித்தால் ஒட்டின இடத்தாலேயே புஸ்ஸென்று போகிறது. இந்த மாகாணத்தில் என்னைப்போல டியூப் ஒட்டுகிறவன் இல்லை. அந்தக் கைக்கே இந்த நிலை என்றால் பார்த்துக்கொள்.

உனக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் வாசிக்கத் தொடங்கினால் பத்துப் பட்டதாரிக்குச் சமம். மாதா மாதம் உன் வலை காயும் இடத்தில் குந்தியிருந்து நான்தான் உனக்கு அறிக்கை வாசிப்பேன். "உறுப்பினர் எழுந்து மிகச் சிறப்பாக உரையாற்ற, சபை மெய்மறந்து கேட்டது" என்று வாசித்தால், நீ வலையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாய்.

"அது தாள்ல இருக்கா, உன்ட வாயில இருக்கா?"

"தாள்லதான்டா."

"பாதியக் கழி."

அதுதான் உன் அளவுகோல். குருக்கள்மடத்தில் ஒரே இருப்பில் பன்னிரண்டு இளநீர் குடித்தேன் என்றால் ஆறு. காத்தான்குடிப் புடவைக்கடை முதலாளி என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார் என்றால், "பாதி எழும்பியிருப்பார்" என்பாய்.

ஆனால் கூட்டத்துக்குள் நீ ஒருநாளும் கழித்ததில்லை. நாம் ஆலோசனை சொல்கிறவர்கள்தான். ஒருவர் முன்மொழிந்து இன்னொருவர் வழிமொழிந்தால்தான் அது தாளில் ஏறும், ஏறினால்தான் மேலே போகும். நான் வாய், நீ கை. சந்தை மீன்கழிவை வாய்க்காலில் கொட்டக்கூடாது என்றேன், கை தூக்கினாய். கரையில் பொலித்தீன் எரிக்கக்கூடாது என்றேன், தூக்கினாய். தேநீரோடு றோல்ஸும் வேண்டும் என்றேன். அதற்கும் தூக்கினாய், அது மட்டும் அடுத்த கூட்டத்திலேயே நிறைவேறியது.

நீ வந்த கடைசிக் கூட்டத்தை நினைத்தால் இருப்புக் கொள்ளவில்லை. வாய்க்கால் வாவியில் விழும் இடத்துக் கண்டல் பற்றையை வெட்டித் தரும்படி, எதிரே புதுவீடு கட்டியவர் கடிதத்தோடு வந்திருந்தார். நுளம்பு கடிக்கிறதாம், காட்சியை மறைக்கிறதாம். நீ எழும்பினாய்.

"ஊருக்குள்ள இருந்து வாற ஊத்தையெல்லாம் அந்த வேரிலதான் தங்குது. வேர் போனா நேர வாவிக்குள்ள. பிறகு இறால் குஞ்சு எங்க போய் ஒளிக்கிற?"

ஒருவரும் உன் பக்கம் திரும்பவில்லை. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை, மச்சான். அந்தப் பற்றையில் எவனும் கைவைக்கப் பயப்படும்படி ஒன்றைச் சொல்ல வேண்டும் என்று வாய் தானாகத் திறந்தது.

"அதுக்குள்ள முதலை கிடக்கு! என்ட கண்ணால கண்டனான். பதினெட்டு அடி!"

அன்றைக்கு உண்மையாகவே சபை மெய்மறந்து கேட்டது. தலை இந்தக் கரையில், வால் அந்தக் கரையில் என்றேன். வால் அடித்த சத்தத்தை மேசையில் தட்டிக் காட்டினேன். "இந்த அபாயத்துக்கு உடனே நடவடிக்கை எடுக்கோணும்" என்று முன்மொழிந்தேன். என் மனதில் இருந்தது ஓர் எச்சரிக்கைப் பலகை. யாரும் கிட்டப் போகமாட்டார்கள், பற்றை தப்பிவிடும் என்ற கணக்கு. நீ வழக்கம்போலக் கை தூக்கினாய்.

புதுவீட்டுக்காரர் சிரித்தார். "அதுதானே சேர் நானும் சொல்றன். பத்தைய வெட்டினா முதலைக்கு ஒளிக்க இடமில்ல." எல்லாத் தலையும் ஆடின. நான் தேநீரை விழுங்கி முடிப்பதற்குள் கதை மண் தோண்டுகிற பெக்கோ மெஷின்வரை போய்விட்டது.

படியிறங்கும்போது கேட்டாய். "எத்தின அடி?"

"பதினெட்டு."

"பாதியக் கழி."

"ஒன்பது."

"இன்னும் கழி."

"நாலரை."

"அது கபரகொய்யாடா மடையா! உடும்புக்கு அண்ணன். ஆளக் கண்டா தண்ணிக்குள்ள விழுந்து ஓடுற சாமான். அதுக்குப் பெக்கோவா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் சிரித்தேன். திடீரென்று நிறுத்திவிட்டாய். இருபது வருடமாக நீ தோணி கட்டிய இடமல்லவா அது?

"உன்ட வாயால போனது. வாற கூட்டத்தில நீயே எழும்பி, இல்லையென்டு சொல்லு."

"நான் பொய்யன் என்டு நானே சொல்லவா?"

"சொல்லன். நான் வழிமொழியிறன்."

ஒரு கிழமை போகமுதல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்தாய். உன் சவத்துக்குப் பின்னால் ஆயிரம் பேர் நடந்தார்கள். சரி, ஐந்நூறு. சரி மச்சான், ஒழுங்கையை நிறைக்கிற அளவு சனம். பின்னால் வந்த ஓட்டோ ஒன்றும் கோர்ன் அடிக்கவில்லை, அது சத்தியம்.

நேற்றுத்தான் நீ சொன்ன அந்தக் கூட்டம். முதல் வேலை, கடந்த அறிக்கையை உறுதிப்படுத்துவது. அறிக்கை எழுதும் இளம் உத்தியோகத்தர் பிள்ளை ஒரு சொல்லையும் விடாமல் எழுதியிருந்தது: பதினெட்டு அடி, நேரில் கண்டது, உடனடி நடவடிக்கை. முன்மொழிந்தவர் என்ற இடத்தில் என் பெயர். வழிமொழிந்தவர் என்ற இடத்தில் உன் பெயர். இனி எந்தத் தாளிலும் நீ கை தூக்கப்போவதில்லை. கடைசியாகத் தூக்கியது என் பொய்யின் கீழே கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? எழும்பினேன்.

"தலைவர் அவர்களே, ஒரு திருத்தம். அது முதலையில்ல. நாலரை அடிக் கபரகொய்யா. நான் கூட்டிச் சொல்லிட்டன். கூட்டாளியும் என்னை நம்பித்தான் கை தூக்கினவன்."

நீ நம்பவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படித்தான் சொன்னேன்.

"வால் அடிச்ச சத்தத்தையும் செஞ்சு காட்டினீங்களே, ஐயா!" என்றார் புதுவீட்டுக்காரர்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப எது பொய்? அண்டைக்குச் சொன்னதா, இண்டைக்குச் சொல்றதா?"

வாழ்நாளில் முதல் தடவையாகக் கழிப்பதற்கு ஒன்றுமில்லாமல் ஒரு கதை சொன்னேன், அதை ஒருவரும் நம்பவில்லை. "திருத்தத்த ஆர் வழிமொழியிற?" என்று தலைவர் கேட்டபோது நான் பழக்கத்தில் உன் கதிரையைப் பார்த்தேன். அதில் யாரோ நனைந்த குடையை வைத்திருந்தார்கள்.

ஒரு கையும் எழும்பவில்லை. உத்தியோகத்தர் பிள்ளைக்குக் கை தூக்க உரிமையில்லை; பேனையை மூடிவிட்டு மெல்லச் சொன்னது: "நேர போய்ப் பாத்துட்டு முடிவெடுக்கலாமே, சேர்."

அதுதான் முடிவு. சனிக்கிழமை குழு போய்ப் பார்க்கும். அதுவரை பெக்கோ வராது. உள்ளே பார்ப்பதென்றால் தண்ணீர்ப் பக்கத்தால்தான் போக வேண்டும். "தோணி ஆர் வலிக்கிற?" என்றார் தலைவர்.

"நான்! இந்த வாவிய நாப்பது தரம் கடந்தவன்!"

கடந்தது உண்மைதான். எல்லாம் உன் தோணியில், முன்பக்கம் குந்தியிருந்து கதை சொல்லிக்கொண்டு.

இன்று பின்னேரம் உன் மனுசியிடம் போய்த் துடுப்பைக் கேட்டேன். "அண்ணே, நீங்களா வலிக்கப்போறீங்க?" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த இருபது நாளில் அவள் சிரித்து நான் கண்டது அதுதான். தோணி நேரே போக மறுத்தது. இருந்த இடத்திலேயே என்னைச் சுற்றிக் காட்டியது. உள்ளங்கையில் மூன்று கொப்புளம். சரி, ஒன்று. பெரியது.

எப்படியோ பற்றைக்குப் போய்ச் சேர்ந்தேன். வேர்களில் நகரத்துப் பொலித்தீன் எல்லாம் தொங்கியது. அதற்குக் கீழே, தெளிந்த தண்ணீரில், இறால் குஞ்சுகள் துள்ளின. உன் கபரகொய்யாவைக் காணவில்லை. சனிக்கிழமையாவது வந்து முகத்தைக் காட்டினால் நல்லது. அதற்கும் கை தூக்க உரிமையில்லை என்பார்களோ தெரியாது. நான் திரும்பவும் எழும்பிச் சொல்வேன். நம்புகிறார்களோ இல்லையோ, இனி என் வாயால் வருவதை நானே முதலில் கழித்துக்கொள்கிறேன்.

தோணியை வேரில் கட்டிவிட்டு, மடியிலிருந்த உன் பிரதியை எடுத்து உனக்கு வாசித்தேன். தாளில் இருந்தபடியே, தொடக்கம் முதல் கடைசிவரை. சபை மெய்மறக்கவில்லை, ஒருவரும் சிறப்பாக உரையாற்றவில்லை. உன் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

பாதியைக் கழி, மச்சான். ஒன்று மிஞ்சும்.