அந்தோணி அண்ணன் செய்த டப்பா

என் அன்பு அந்தோணி அண்ணே,

நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கல்லறைத் திருநாளுக்கும் திண்டிவனம் வரை வந்தேன். வாங்கி வந்த மெழுகுவர்த்தியைப் பையிலேயே வைத்துக்கொண்டு விழுப்புரம் பஸ்ஸில் திரும்பி ஏறிவிட்டேன். உங்கள் முன்னால் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை.

நாம் நான்கு பேர் சேர்ந்து தொலைநோக்கிக்கு அகச்சிவப்புக் கருவி செய்தோமே, கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளியைப் பிடிக்கிற கருவி, அந்தக் கதைதான். விழுப்புரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் வடிவமைத்தார், சேகர் மின்சுற்றுகளைப் பார்த்தான், குளிரூட்டும் வேலை எனக்கு. கருவியை வைக்கும் எவர்சில்வர் டப்பா மட்டும் திண்டிவனத்தில் உங்கள் லேத் பட்டறையில். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிரவைக்க வேண்டும் என்று விளக்கினேன். அண்ணி அவித்துக் கொடுத்த மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, உரித்துக்கொண்டே கேட்டீர்கள்.

"புரியுது பாப்பா. டப்பா சூடா இருந்தா, நட்சத்திரத்த பாக்காம அது தன் சூட்டையே பாத்துக்கினு இருக்கும்."

பேராசிரியர் அரை மணி நேரம் சொன்னதை நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

ஆனால் டப்பாவில் வெற்றிடம் நிற்கவில்லை. பம்ப்பை நிறுத்தியதும் அழுத்தம் காட்டும் முள் ஏறியது. வெல்டிங்கில் ஓட்டை என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்னார். "என் வெல்டிங்குல ஓட்டை இருக்காது சார். இன்னொரு தபா தொறந்து பாத்துட்டு சொல்லுங்க" என்றீர்கள். அவர் டப்பாவை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மூடியைக் கழற்றியது நான்தான். மூடியின் இடுக்கில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையத்தின் குறுக்கே ஒரு நீள முடி கிடந்தது. நம் நால்வரில் நீள முடி யாருக்கு, அண்ணே? மூடியை நான் பூட்டிய அன்று கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் தலையில் போட வேண்டிய குல்லாயைக் கழற்றி வைத்திருந்தேன். காற்று உள்ளே நுழைய அந்த ஒரு முடி போதும்.

அதைக் கைக்குட்டையில் சுருட்டி எடுத்துக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. தற்காலிக வேலை, போய்விடுமோ என்ற பயம். வேறு ஊரில் செய்த டப்பாவோடு கருவி மலைமேல் இருக்கும் தொலைநோக்கிக்குப் போனது, நட்சத்திரப் படங்களும் வந்தன. உங்களை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. நானும்தான்.

போன வாரம் அண்ணியைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். "கடைசி வரிக்கும் அதையேதாம்மா சொல்லிக்கினு இருந்தாரு. எங்கியோ என் கை தப்பிப்போச்சு ஸ்டெல்லான்னு" என்றார். நீங்கள் உங்கள் கையையே சந்தேகப்பட்டுவிட்டீர்களா? முப்பது வருஷம் வெல்டிங் பிடித்த கையையா?

அன்றே ஆய்வுக்கூட மூலையில் கிடந்த உங்கள் டப்பாவைத் துடைத்தேன். புது வளையம் போட்டு, காற்றை உறிஞ்சி, பம்ப்பை நிறுத்தினேன். இரண்டு நாளாகியும் முள் அசையவில்லை. பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது, மாதா கோவில் வாசலில், உங்கள் பட்டறை ஆட்கள் காதுபட, அண்ணியிடம் நடந்ததைச் சொல்வேன். அவர் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். அதன் பிறகுதான் மெழுகுவர்த்தியோடு உங்களிடம் வருவேன்.

உங்கள் கை தப்பவில்லை, அண்ணே.

நீங்கள் 'பாப்பா' என்று கூப்பிட்ட தங்கை,
மல்லிகா